கடிதத்துக்கு மூச்சு வாங்காது

பிப்ரவரி 9

அண்ணிக்கு,

நலம் விசாரிக்கிற வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். கோள் சொல்கிறவர்களுக்கு உடம்புக்கு ஒன்றும் வராது. உள்ளே எதையும் தங்க விடுவதில்லையே.

நான் பயிற்சிக் காரில் மயங்கி விழுந்ததை அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அண்ணன் உங்களிடம் மட்டும் சொன்னார். நீங்கள் என் முதலாளிக்குப் போன் போட்டு, "எங்க நாத்தனார் வண்டியில மயங்கிட்டாளே, உங்களுக்குத் தெரியுமா?" என்று விசாரித்திருக்கிறீர்கள். அந்த மனிதருக்குத் தெரியாது. இப்போது தெரியும். ஓட்டுநர் பள்ளியின் இரண்டு கார்களுக்கும், வாசலில் பேட்ஜ் குத்திக்கொண்டு நிற்கிற காவல்காரருக்கும்கூடத் தெரியும்.

என்னைக் காரிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது நான் வகுப்பறையில் பலகையில் சாலைக் குறியீடுகள் வரைகிறேன். முக்கோணம், வட்டம், வளைந்த அம்பு. பயிற்சிக் காரில் எனக்கு ஸ்டியரிங் கிடையாது, ஹாரன் கிடையாது; காலடியில் கூடுதலாக ஒரு பிரேக் மட்டும் உண்டு. அந்த ஒரு பிரேக்கை வைத்துத்தான் இந்த ஊரில் பாதிப் பேரைக் கை காலோடு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். மாணவர்கள் என்னை 'பிரேக் மேடம்' என்று கூப்பிடுவது சும்மா இல்லை. அந்தப் பிரேக்கில் இப்போது உங்கள் கால் இருக்கிறது, அண்ணி. நிற்பது நான்.

நோய் என்னவென்று கேட்டீர்களாம். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறிக் கிடக்கிறது. அதற்கு எதிராகத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது பக்கம் வீங்கிப் போயிருக்கிறது. அதனால்தான் மூச்சு வாங்குகிறது, மயக்கம் வருகிறது. எதனால் இப்படி என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன். "இது காரணம் தெரியாத வகை" என்றார், ஏதோ உயர்ந்த ரகத் துணியைக் காட்டுகிற மாதிரி. காரணம் தெரியாது என்பது ஒரு வகையா? எங்கள் பள்ளியில் ஒரு கார் நடுரோட்டில் நின்றுவிட்டால், 'காரணம் தெரியாமல் நிற்கும் வகை' என்று அட்டை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோமா? பானெட்டைத் திறந்து கையைக் கறுப்பாக்கிக்கொள்வோம். இவர் மாத்திரை கொடுத்து, படி ஏறாதே, தூக்காதே, உணர்ச்சிவசப்படாதே என்று அனுப்பிவிட்டார். அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நிதானமாக எழுதுகிறேன்.

போனை எடுப்பதில்லை என்று அண்ணனுக்குக் கோபமாம். எடுக்க மாட்டேன். ஒரு வாக்கியம் முடிவதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் நீங்கள் மூக்கை உறிஞ்சுவீர்கள். அண்ணன் எனக்கு அறை ஒதுக்குவார். திட்டுவதற்கும் ஒரு ஓட்டம் வேண்டும். பாதியில் நின்று இளைக்கிற திட்டுக்கு என்ன மரியாதை இருக்கிறது? கடிதத்துக்கு மூச்சு வாங்காது. ஆகவே கடிதம்.

அன்பு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ள,
நாத்தனார்


பிப்ரவரி 17

பிரேக் மேடம் அவர்களுக்கு,

ஆமாம், சொன்னேன். இன்னொரு தடவை நீ மயங்கினாலும் சொல்வேன்.

கோள் சொல்வது என் தொழில். பேருந்து நிலையத்து விசாரணைக் கூண்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எந்த வண்டி தாமதம், எது பழுது, எது வரவே வராது என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். வண்டி பழுது என்று நான் சொன்னால் சில பயணிகள் வண்டியை முறைப்பார்கள். சில பேர் என்னை முறைப்பார்கள். நீ இரண்டாவது கட்சி.

நீ மயங்கிய அன்று ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் ஒரு பல் டாக்டர் என்று உன் அண்ணன் சொன்னார். அவருக்கு வாய் எங்கே இருக்கிறது என்று தெரியும். பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? அவர் வீட்டில் யார் காத்திருந்தார்களோ. நீ கௌரவத்தைப் பார்த்தாய், நான் அந்த மனிதரைப் பார்த்தேன்.

அறை ஒதுக்குவார் என்று கேலி செய்திருக்கிறாய். ஒதுக்கியாயிற்று. உன் அண்ணன் கீழ் அறையிலிருந்த பழைய ரேடியோக்களை எல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் கெஞ்சியும் நகராத ரேடியோக்கள். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறார், அதுவும் கோணலாக. வா என்று சொல்லத் தெரியாத மனுஷன், கம்பி வைத்திருக்கிறார்.

ஒன்று கேட்கிறேன். மயக்கத்தைத் தவிர வேறு எதையாவது மறைக்கிறாயா? உன் ஜோக்குகள் கொஞ்சம் அதிகமாகத் தெரிகின்றன. வீட்டில் எதையாவது உடைத்துவிட்ட அன்றைக்குத்தான் நீ இவ்வளவு வேடிக்கையாகப் பேசுவாய்.

அண்ணி


மார்ச் 2

அண்ணி,

வர மாட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழ் அறையில் முடிவுக்காகக் காத்திருக்கிற ஆள் நான் இல்லை. ரேடியோக்களைத் திரும்ப இறக்கச் சொல்லுங்கள். அவற்றுக்காவது அந்த அறையில் ஏதாவது வேலை இருக்கும்.

நீங்கள் கேட்டதால் ஒரு வேடிக்கை சொல்கிறேன். வேடிக்கையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாளி மனமிரங்கி, பின்புற மைதானத்தில் வண்டியைப் பின்னால் எடுக்கும் பயிற்சிக்கு என்னை நிறுத்தினார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இடம் வலம் சொன்னால் போதும். காரில் அதே பல் டாக்டர். நான் "இடது, இன்னும் இடது" என்று கத்துகிறேன். என் கை வலது பக்கம் காட்டுகிறதாம். மற்ற மாணவர்கள் என் கையைப் பார்த்தார்கள். பல் டாக்டர் என் வாயைக் கவனித்தார், தொழில் பழக்கம். முதலாளியின் ஸ்கூட்டர் யாரையும் கவனிக்காமல் நின்றிருந்தது. இப்போது அது நிற்பதில்லை, படுத்திருக்கிறது.

இன்னொன்று. மதியம் முட்டையோ மீனோ கொஞ்சம் தாராளமாகச் சாப்பிட்டுவிட்டு வகுப்புக்குப் போனேன். கண் செருகுகிறது. பலகையில் 'நில்' என்று பெரிதாக எழுத வேண்டும். 'நி' எழுதினேன். அடுத்து என்ன எழுத்து, அது எந்தப் பக்கம் வளையும் என்று தெரியவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன். 'நில்' என்று எழுதப் போய் நானே நின்றுவிட்டேன். மாணவர்கள் நான் நடித்துக் காட்டுகிறேன் என்று நினைத்துக் கை தட்டினார்கள். நானும் குனிந்து ஏற்றுக்கொண்டேன். எத்தனை பேருக்கு வாய்க்கும் இந்த மாதிரி ரசிகர்கள்.

பெரிய டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மூளையும் போயிற்று, அதற்கும் காரணம் தெரியாது என்று எழுதிவிடுவார். அப்புறம் சாக்பீஸையும் பிடுங்கிவிடுவார்கள். போன தடவை மூச்சு இன்னும் மோசமாகிவிட்டது என்று, நுரையீரலை மாற்றுகிற பேச்சையே ஆரம்பித்துவிட்டார். பழைய உதிரி பாகம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டுமாம்.

இது நம் இரண்டு பேருக்குள். மைக்கில் சொல்ல வேண்டாம்.

நாத்தனார்


மார்ச் 8

உனக்கு,

சொல்லிவிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். எடுத்த பெண், டாக்டர் பிஸி என்றாள். நான் வேலைக் குரலில், "கவனிக்கவும். பிரேக் மேடத்தின் அண்ணி லைனில் காத்திருக்கிறார். டாக்டர் வரும்வரை காத்திருப்பார்" என்றேன். அந்தக் குரலுக்கு ஓட்டுநர்களே எழுந்து உட்காருவார்கள். டாக்டர் வந்தார்.

இடம் வலம் மாறியது, 'நி'யில் நின்றது, எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கூட்டரையும் விடவில்லை. "சாப்பிட்ட பிறகு தூக்கமா? எவ்வளவு நாளா?" என்று கேட்டார். "என் கல்யாணத்துலயே சாப்பாட்டு மேஜையில உட்கார்ந்தபடி தூங்கினவ டாக்டர். எங்க வீட்டுல அவளுக்குத் தூங்குமூஞ்சின்னே பேரு" என்றேன்.

"இதை ஏன் அவங்க என்கிட்ட சொல்லலை?"

"உங்ககிட்ட சொன்னா காரணம் தெரியாதுன்னு சொல்லிடுவீங்களாம்."

லைனில் காகிதங்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, மெதுவாக, "அவங்க வயித்தை நாங்க இன்னும் சரியா பார்க்கலை. உடனே வரச் சொல்லுங்க" என்றார். நுரையீரலுக்கு வைத்தியம் பார்க்கிறவர் எதற்கு வயிற்றைக் கேட்கிறார் என்று எனக்கும் புரியவில்லை. ஆனால் அவர் குரல் மாறியிருந்தது. வழி தெரியாமல் நின்ற இடத்தில் ஒரு சந்து கண்ணில் பட்டவர் குரல்.

போ. என்னைத் திட்டுவதாக இருந்தால் போனில் திட்டு. எழுத்தில் வருகிற திட்டை இனிமேல் நான் வாங்குவதாக இல்லை.

அண்ணி


மார்ச் 25

கோள்மூட்டி அண்ணிக்கு,

உங்களோடு பேசுவதே இல்லை என்று முடிவு செய்து, அதைத் தெரிவிப்பதற்காக எழுத உட்கார்ந்தேன். ஆனால் சொல்வதற்கு விஷயம் இருக்கிறது. இதைவிடப் பெரிய தண்டனை எனக்கு வேறு இல்லை.

முதலில் ரத்தத்தில் அமோனியா பார்த்தார்கள்; முட்டை, மீன் செரிக்கும்போது குடலில் உண்டாகிற, கல்லீரல் கழிக்க வேண்டிய கழிவாம். ஏறிக் கிடந்தது. பிறகு வயிற்றில் ஸ்கேன். ஸ்கேன் டாக்டர் ஒரு பெண், வாயில் மிட்டாய் போட்டுக்கொண்டு ஒரே இடத்தில் கருவியை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். மிட்டாயைக் கடிக்கிற சத்தம் நின்றது. "உங்களுக்குக் கல்லீரலுக்குப் போற வழி தெரியாது போலிருக்கே" என்றார். நான், "எனக்கு எல்லா வழியும் தெரியும், நான் ஓட்டுநர் பள்ளியில் இருக்கிறேன்" என்றேன். அவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

கேளுங்கள். எல்லாருக்கும் குடலிலிருந்து வருகிற ரத்தம் முதலில் கல்லீரலுக்குள் போகும். அங்கே வடிகட்டி, கழித்து, பிறகுதான் இதயத்துக்கு. எனக்கு அந்த ரத்தக்குழாய் பிறவியிலேயே தப்பாக அமைந்திருக்கிறது. கல்லீரல் வாசல்வரை வந்து, உள்ளே நுழையாமல், ஒரு சந்து வழியாக நேரே பெரிய ரத்தக்குழாயில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. வடிகட்டாத ரத்தம் மூளைக்குப் போனால் தூக்கமும் தடுமாற்றமும். அதுவே இத்தனை வருஷமும் நுரையீரலுக்குள் போய்ப் போய் அங்கே குழாய்களைத் தடிக்க வைத்துவிட்டது. நுரையீரல் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு கீழே, வயிற்றில்.

குறுக்குவழி, அண்ணி. பயிற்சியில் குறுக்குச் சந்துக்குள் திரும்பிய மாணவர்களை அங்கேயே இறக்கி நடக்கவிட்டவள் நான். எனக்குள்ளேயே ஒரு சந்து, பிறந்த நாளிலிருந்து, போலீஸ் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

பெரிய டாக்டர் வந்தார். என் சீட்டிலிருந்த 'காரணம் தெரியாத' என்பதை என் கண் முன்னாலேயே அடித்தார். "அபூர்வம். ஆனா வயித்தைப் பார்த்திருக்கணும்" என்றார். மனுஷன் நல்லவர்தான். அதற்காக நான் அவரிடம் சிரித்துவிடவில்லை.

அந்தக் குறுக்குச் சந்தை அடைக்கலாமாம். கழுத்து ரத்தக்குழாய் வழியாக ஒரு கம்பியை விட்டு, உள்ளே ஒரு அடைப்பான் வைப்பார்கள். ஊரெல்லாம் அடைப்பை எடுக்கத்தான் டாக்டர். எனக்கு அடைப்பு வைக்க ஒரு டாக்டர். ஆனால் முதலில் பலூனால் சந்தைக் கொஞ்ச நேரம் மூடிப் பார்க்க வேண்டும். கல்லீரலுக்குள் நூல் மாதிரி சின்ன வழியாவது இருந்தால் ரத்தம் அதில் திரும்பும். இல்லாவிட்டால் குடல் பக்கம் அழுத்தம் எகிறிவிடும். அப்படியே திரும்பி வந்துவிட வேண்டியதுதான். இந்த நுரையீரலை வைத்துக்கொண்டு மயக்க மருந்து வாங்குவதே ஆபத்து என்றும் சொன்னார்கள். எழுந்திருக்காமலும் போகலாம். ஒளிக்காமல் சொன்னார்கள். அடைத்தாலும் நுரையீரல் எவ்வளவு திரும்பும் என்று உறுதி கிடையாதாம்.

செய்துகொள்ளப் போகிறேன். அண்ணன் வேண்டாம் என்பார் என்று தெரியும். அவரிடம் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 3

உனக்கு,

வேண்டாம் என்றுதான் சொன்னார். "இத்தனை வருஷம் ஓடின வண்டி, இப்ப போய் எதுக்குப் பிரிக்கணும்? மாத்திரையில ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று ரேடியோவின் முதுகைக் கழற்றி வைத்துக்கொண்டே சொன்னார். "அது ஓடலைங்க. சரிவுல உருண்டுக்கிட்டிருக்கு" என்றேன். திருகாணியைக் கீழே போட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தார். நெடுநேரம் தேடினார். அது அவர் காலடியில்தான் கிடந்தது.

உன்னோடு ஆஸ்பத்திரிக்கு என்னைப் போகக் கூடாது என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் போட்ட முதல் உத்தரவு. மீறுவதற்கு வசதியாக இருந்தது. லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

உன்னைத் தவிர இதைச் சொல்வதற்கு எனக்கு வேறு ஆள் இல்லை: எனக்குப் பயமாக இருக்கிறது. நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் நீ மாத்திரையோடு இன்னும் கொஞ்ச காலம் இருப்பாய். கோள் சொன்னது நான். அதற்குப் பிறகு வருவது எதுவானாலும் அதன் வாசலில் நான்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

உனக்குப் பயமே இல்லையா?

அண்ணி


ஏப்ரல் 7

அண்ணி,

இருக்கிறது. அதற்காக ஓரமாக நிறுத்திவிட முடியாது. கால் உதறுகிற மாணவரிடமும் கிளட்சை விடச் சொல்கிறவள் நான்.

நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால், காரணம் தெரியாமல் போயிருப்பேன். போவதானாலும் காரணம் தெரிந்து போகிறேன். அதற்கு நீங்கள் பொறுப்பு என்றால், இருங்கள் பொறுப்பாக.

வாருங்கள். வராந்தாவில் உட்காருங்கள். அழக் கூடாது. வார்டில் யாரிடமும் என் தூங்குமூஞ்சிக் கதையைச் சொல்லக் கூடாது.

நாத்தனார்


அக்டோபர் 19

அண்ணிக்கு,

சொல்லிவிட்டிருக்கிறீர்கள். இந்த வாரம் பரிசோதனைக்குப் போனால், வார்டு நர்ஸ், "வாங்க தூங்குமூஞ்சி மேடம்" என்கிறார். கண் விழித்ததும் முதலில் உங்கள் அழுத முகம் தெரிந்ததே, அதையும் நான் மறக்கவில்லை. இரண்டு ஒப்பந்தமும் மீறல்.

இப்போது செய்தி. அன்றைக்குப் பலூனை ஊதியபோது திரையில் நூல் நூலாக வழி தெரிந்தது என்று சந்தை அடைத்தார்களே, அந்த நூல்கள் எல்லாம் இப்போது நல்ல தெருக்களாகிவிட்டன. ஸ்கேன் டாக்டர் மிட்டாயை நிறுத்தாமலேயே பார்த்து முடித்தார். அதிலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அமோனியா இறங்கிவிட்டது. முட்டை சாப்பிட்டுவிட்டு 'நில்' எழுதினேன், 'கவனி' எழுதினேன், யாரும் கேட்காமலேயே 'நிறுத்தத் தடை' வரைக்கும் எழுதினேன். இடது இடதாகவே இருக்கிறது.

நுரையீரல் அழுத்தத்தைத் திரும்ப அளந்தார்கள். நன்றாகக் குறைந்திருக்கிறது. முழுக்க இல்லை. மாத்திரைகளில் ஒன்றை நிறுத்தினார்கள், மற்றவை தொடர்கின்றன. நுரையீரலை மாற்றுகிற பேச்சை விட்டுவிட்டார்கள். பெரிய டாக்டர், இனிமேல் காரணம் தெரியாமல் வருகிற ஒவ்வொருவருக்கும் வயிற்றையும் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார். "எல்லாருக்கும் இது இருக்காது, ரொம்ப அபூர்வம்" என்றும் சொன்னார். "இருக்காட்டி இல்லைன்னு தெரியட்டுமே" என்றேன். இந்தத் தடவை இரண்டு பேரும் சிரித்தோம்.

வண்டியில் உட்கார இன்னும் அனுமதி இல்லை. அடுத்த பரிசோதனைக்குப் பிறகு பார்க்கலாம் என்கிறார்கள். பார்க்கட்டும். முதலாளி என் பிரேக்கைத் துடைத்து வைத்திருக்கிறார். தன் ஸ்கூட்டரை மட்டும் வேறு தெருவில் நிறுத்துகிறார்.

கீழ் அறைக்கு ரேடியோக்கள் திரும்பிவிட்டனவா? கம்பியை மட்டும் கழற்ற வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். விருந்துக்கு வரும்போது துண்டு போட வசதி.

இனி கடிதம் கிடையாது. வியாழக்கிழமை காலையில் உங்கள் கூண்டுக்குப் போன் செய்வேன். வீட்டுக்குச் செய்தால் அண்ணன் எடுத்துவிடுவார். அவருக்கு வேறு திட்டு வைத்திருக்கிறேன். முதலாளியிடம் சொன்னது, டாக்டரிடம் சொன்னது, வார்டில் சொன்னது, எல்லாவற்றுக்கும் சேர்த்து பிப்ரவரியிலிருந்து பாக்கி இருக்கிறது. குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும்.

நாத்தனார்


அக்டோபர் 25

என் நாத்தனாருக்கு,

கடிதம் கிடையாது என்றாய். இதை மட்டும் எழுதித்தான் சொல்ல முடியும். போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய்.

வியாழக்கிழமை நீ கூப்பிட்டபோது நான் ஒரு வண்டி தாமதம் என்று அறிவித்துக்கொண்டிருந்தேன். போனை எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, மைக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். மைக்கை அணைக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன். உன்னிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"கோள்மூட்டி அண்ணி" என்று நீ ஆரம்பித்தது எல்லா நடைமேடையிலும் கேட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையோடு நின்றார்கள். புறப்பட வேண்டிய வண்டியின் ஓட்டுநர் இஞ்சினை அணைத்துவிட்டுக் கேட்டார். ஸ்கூட்டர் கதைக்கு ஒரு கிழவர் சிரித்துச் சிரித்து இருமினார். நீ எங்காவது நிற்பாய், இளைப்பாய் என்று நான் காத்துக்கொண்டே இருந்தேன். நீ நிற்கவே இல்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் கியர் மாற்றிக்கொண்டு போனாய். குறுக்கே பேசாதே என்றாய். போனை மைக்குக்கு இன்னும் கிட்டே தள்ளினேன்.

உன் அண்ணன் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருந்தார். கூண்டுக்கு வரவில்லை. ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, பாத்திரத்தைப் பிடித்தபடி, தலையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எங்கே கரகரப்பு, எங்கே விட்டுப் போகிறது என்று ரேடியோவைச் சோதிப்பாரே, அதே முகம். நீ முடித்த பிறகு கூண்டுக்கு வந்து பாத்திரத்தை வைத்தார்.

"எங்கேயும் விட்டுப் போகலை" என்றார்.

ஒரு பெண்மணி வந்து ஜன்னலைத் தட்டி, "அம்மா, அவங்க மறுபடியும் எப்போ பேசுவாங்க?" என்று விசாரித்தாள். விசாரணைக் கூண்டு அல்லவா, பதில் சொல்ல வேண்டியது என் கடமை. அடுத்த வியாழக்கிழமை என்று மைக்கிலேயே அறிவித்துவிட்டேன்.

அண்ணி